பத்து வருஷத்தால வந்தான்

டீவியின் சத்தத் திருகை அடியோடு இறக்கிவிட்டுத்தான் வினாயகமூர்த்தி தொண்டையைச் செருமுவார். "இனி நான் சொல்றன், கேளுங்க" என்பார். டீவிக்குள் இருக்கும் வெள்ளைக்காரர் சும்மா வாயசைத்துக்கொண்டிருக்க, கதையை இவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

தன்னாமுனையில் ஞாயிறு பின்னேரம் மூன்று மணி என்றால் அவர் வீட்டு விறாந்தையில் இருபது பேராவது கூடியிருப்பார்கள். ஊருக்குள் கரண்ட் இல்லாமல் போய் வருஷக்கணக்காகிறது. வீட்டுக்குப் பின்னால் மண்ணெண்ணெய் ஜெனரேட்டர் இருமிக்கொண்டு ஓடும். வீடியோ டெக்கில் போடுவது சினிமாப் படமல்ல. ஊரைவிட்டுப் போன ஒரு பாதிரியார் விட்டுச்சென்ற பதினொரு கசட்டுகள். எல்லாம் இருபதாம் நூற்றாண்டுச் சரித்திரம். ஹிட்லர் மேசையில் குத்தினால் இவரும் கதிரையில் குத்தி, "கெதியா ஒழும்புங்கடா" என்று அதட்டுவார். சந்திரனில் இறங்கியவன் குனிந்தால், "மண்ண அள்ளிப் பாக்கான், வேளாம செய்ய ஏலாதாம்" என்பார். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் முப்பது வருஷம் தட்டெழுத்தாளராக இருந்தவர். 'கிளாக்கர் ஐயா' என்றால் ஊரில் இங்கிலீசுக்கு வேறு ஆள் இல்லை. உண்மை என்னவென்றால், இங்கிலீசு அவருக்கு விரலில்தான் இருந்தது, காதில் இல்லை. படத்தில் பேசுவதில் பத்துச் சொல்லுக்கு இரண்டுதான் பிடிபடும். மிச்சத்தை அவரே இட்டுக்கட்டுவார். அதில் யாருக்கு என்ன நட்டம் என்றுதான் அவரும் நெடுநாள் நினைத்திருந்தார்.

தொண்ணூற்று நாலில் ஜெர்மனிக் கசட்டைப் போட்டார். அதில், யுத்தம் முடிந்த பிறகும் சிறைபட்ட பிள்ளைகள் வீடு திரும்பவில்லை. ரயில் நிலையத்தில் தாய்மார் மகன்மாரின் படங்களை மட்டையில் ஒட்டி, பேரெழுதிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களில் ஒருத்தியைக் கிட்டக் காட்டுகிறது படம். முன்வரிசையில் இருந்தவள் ஆச்சிப்பிள்ளை, வாவியில் இறால் வாங்கி விற்றுச் சீவிப்பவள். தொண்ணூறாம் ஆண்டுச் சுற்றிவளைப்பில் ராணுவம் கொண்டுபோன அவள் மகன் கனகசிங்கத்தைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. ஒருநாளும் வாய் திறக்காத அவள் அன்றைக்குக் கேட்டாள்.

"கிளாக்கர் ஐயா, அந்த மனிசிட மகன் வந்தானா?"

படத்தில் அந்தத் தாயைப் பற்றிய வசனம் மட்டும் அவருக்குத் தெளிவாகக் கேட்டிருந்தது. படத்துக்காரர் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். எல்லாம் கச்சேரியில் ஆயிரம் தரம் அடித்த சொற்கள். அவன் வரவில்லை, பார்த்திருந்தபடியே தாய் செத்துப்போனாள்.

"ஓம் புள்ள. பத்து வருஷத்தால வந்தான்" என்றார் வினாயகமூர்த்தி.

பத்து வருஷம் கழித்து வந்தான் என்று அன்றைக்குச் சொன்னபோது நல்ல காரியம் செய்ததாகவே அவருக்குப் பட்டது. அடுத்த மாதம் கிராம சேவகர் கனகசிங்கத்தின் மரணப் பதிவுக்கான படிவத்தோடு அவள் வீட்டுக்குப் போனார். அதில் ஒப்பமிட்டால்தான் அவளுக்கு உதவி ஏதும் கிடைக்கும். அவள் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டாள். "ஜெர்மனிக்காரிக்கே பத்து வருஷம் சென்டிருக்கு. எனக்கு நாலுதானே" என்றாளாம். கேள்விப்பட்ட நாளிலிருந்து கிளாக்கர் ஐயா உண்மையைச் சொல்லிவிட வழி பார்த்தார். மூன்று தரம் அவள் வாசல்வரை போய், மழையைப் பற்றியும் இறாலைப் பற்றியும் பேசிவிட்டுத் திரும்பினார். அதுவரை பாதிக்கு மட்டும் குறைத்துவந்த சத்தத்தை அடியோடு குறைக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். இங்கிலீசு தெரிந்தவர் யாராவது தெருவால் போய்விட்டால்? இட்டுக்கட்டியது வெளிப்பட்டுவிடும்.

இப்போது இரண்டாயிரமாம் ஆண்டு. போன ஞாயிறு ஆச்சிப்பிள்ளை எல்லாருக்கும் முதல் வந்துவிட்டாள். கையில் பிஸ்கட் பெட்டி மட்டை. சோற்றுப் பசையால் மகனின் படத்தை ஒட்டியிருந்தாள்.

"பத்து வருஷம் முடியுது ஐயா. கொழும்பு பஸ் வாற இடத்துல இதப் பிடிச்சிட்டு நிக்கப் போறன். பேர இங்கிலீசில எழுதித் தாங்க."

உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார். பேனையைத் தேடுவதாகச் சொல்லி உள்ளே போனார். எழுதிக் கொடுத்தார், கோணல்மாணலாக வந்தது.

சனம் கூடியதும் ஜெர்மனிக் கசட்டைப் போட்டார். படமே சொல்லட்டும் என்று திருகைப் பிடித்து மேலே ஏற்றினார். வெள்ளைக்காரரின் குரல் விறாந்தையெல்லாம் அதிர்ந்தது. வினாயகமூர்த்தி வாயே திறக்கவில்லை. சுவரைப் பார்த்தபடி இருந்தார். இங்கிலீசு தெரியாத சனம் ஒருவரையொருவர் பார்த்தது. ஐயாவுக்குத் தொண்டை சரியில்லையாக்கும் என்று யாரோ சொன்னார்கள்.

ரயில் நிலையம் வந்தது. மட்டையோடு அந்தத் தாய் வந்தாள். ஆச்சிப்பிள்ளை எழும்பி, சனத்தின் பக்கம் திரும்பித் தானே சொல்லத் தொடங்கினாள். "இந்த மனிசிதான். இவட மகன் பத்து வருஷத்தால வந்தான்."

படத்தின் சத்தத்தில் அவள் சொன்னது பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. என்ன, என்ன என்று கேட்டார்கள்.

வினாயகமூர்த்தி கையை நீட்டி, திருகை அடியோடு இறக்கினார்.