சிரிப்பு ஷாட்டு

பேட்டி முடிந்து மைக்கைக் கழற்றும்போது எல்லா நட்சத்திரங்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "எப்ப வரும்?" கோடியில் சம்பளம் வாங்குகிறவரும் கேட்பார், நேற்றுதான் ஒரு பாட்டில் பின்வரிசையில் ஆடியவரும் கேட்பார். சினிமா நிருபராகக் குப்பை கொட்டிய இத்தனை வருஷத்தில் அதைக் கேட்காத ஒரே ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அவர் போடிநாயக்கனூரில், என் ஊரில், இருந்தார்.

எங்கள் சேனலில் 'கையிருப்பு' என்று ஒரு வழக்கம் உண்டு. உடம்புக்கு முடியாத நடிகர் யாராவது இருந்தால் முன்கூட்டியே போய் ஒரு நீளமான பேட்டி எடுத்து வைத்துக்கொள்வோம். அவர் போய்ச் சேர்ந்த அன்று 'கடைசிப் பேட்டி' என்று போட்டுவிடலாம். பிழைப்பு அப்படி. ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, போடி உன் ஊர்தானே, அப்படியே அம்மாவையும் பார்த்துவிட்டு வா என்றார். ஏதோ எனக்கு லீவு கொடுக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

நான் பார்க்கப் போன நடிகரின் பெயர் பலருக்குத் தெரியாது, முகம் எல்லோருக்கும் தெரியும். கதாநாயகனின் நல்ல சித்தப்பாவாக வந்து, இடைவேளைக்குள் செத்துப்போவார். அதற்கு முன்னால் அவர் ஜீப் டிரைவர். ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு தினமும் போடிமெட்டுக்கு மேலே போய் வந்தவர். மலையில் படப்பிடிப்புக்கு வந்தவர்கள் ஜீப்பை வாடகைக்கு எடுத்து, அவரையும் பள்ளத்தில் விழுந்து சாகும் டிரைவராக நடிக்க வைத்தார்கள். நன்றாகச் செத்தார். அதற்குப் பிறகு யாரும் அவரை உயிரோடு விடவில்லை. அவர் படம் வந்தால் பாட்டுக்கு முன்னால் சாவாரா, பின்னால் சாவாரா என்று எங்கள் தெருவில் பந்தயம் கட்டுவார்கள்.

போவதற்கு முன் அவர் மனைவியிடம் போனில் பேசினேன். கல்லீரலில் வந்த கட்டி பரவிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று மதுரை டாக்டர் அந்த அம்மாவிடமும் அவருடைய தம்பியிடமும் மட்டும் சொல்லியிருக்கிறார். நடிகரிடம் குடல் புண் என்று சொல்லி வைத்திருந்தார்கள். டிவியில் வருவதென்றால் மனுஷன் சந்தோஷப்படுவார் என்றுதான் அந்த அம்மா பேட்டிக்குச் சம்மதித்தாராம். ஒரே ஒரு நிபந்தனை.

"அவருக்குத் தெரியாது ஆத்தா. உன் கேள்வில அந்த வாடையே அடிக்கக் கூடாது."

பெரிய நட்சத்திரங்களைப் பார்த்து எனக்குப் பயம் விட்டுப்போய் ரொம்ப நாளாகிறது. அவர்களில் ஒருவர் என் கேள்வித்தாளைக் கிழித்துப் போட்டிருக்கிறார். கல்யாணத்தைப் பற்றிக் கேட்டதற்கு இன்னொருவர் எழுந்தே போய்விட்டார். அதெல்லாம் பழகிவிடும். பதில் தெரிந்த கேள்வியை முதலில் கேட்டு ஆளை இளக்க வேண்டும். அவர் பதில் சொல்லி முடித்ததும் அடுத்த கேள்விக்குப் பாயக் கூடாது, வாயை மூடிக்கொண்டு முகத்தையே பார்க்க வேண்டும். அந்த மௌனம் தாங்காமல் அவர்களாகவே ஒன்றைச் சொல்வார்கள், பேட்டி அதில்தான் இருக்கும். என் தொழில் ரகசியம் மொத்தமும் இவ்வளவுதான். ஆனால் தேனியிலிருந்து பஸ்ஸில் போகும்போது அந்தப் பழைய பயம் திரும்பி வந்திருந்தது. 'எப்ப வரும்?' என்று அவர் கேட்பாரே, அதற்குப் பதில் வேண்டுமே. 'தீபாவளிக்குப் போட்டுருவோம்' என்பதை ஜன்னலைப் பார்த்துச் சொல்லிச் சொல்லிப் பழகினேன்.

அவர் மீசைக்கு மை போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். சட்டைக் காலருக்குள் இன்னொரு கழுத்து போகும், அவ்வளவு இளைப்பு. நான் சார் என்றதும், ஊர்ப்பிள்ளைக்கு என்ன சாரு மோரு, சித்தப்பான்னு கூப்பிடு என்றார். மாடி ஜன்னலுக்கு வெளியே மலை தெரிந்தது. அவர் மனைவி கேமராவுக்குப் பின்னால், கதவோரமாக நின்றுகொண்டார். சித்தப்பா பேசப் பேச, அந்த அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜீப்பில் ஆரம்பித்தேன். நினைத்த மாதிரியே முகம் மலர்ந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் பின்னால் உட்கார்ந்த பெண்கள் அவரைத் திட்டிய திட்டுகளை ஒன்றுவிடாமல் சொன்னார். எங்கள் கேமராமேன் சிரித்துக் கேமராவை ஆட்டிவிட்டான். பிறகு, நடித்ததில் எது கஷ்டம் என்று சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"சாகுறது ஒண்ணும் கஷ்டமில்ல. செத்த பிறகு மூக்குல ஈ வந்து உக்காரும் பாரு, அதுதான் கஷ்டம்" என்றார்.

நான் சிரித்திருக்க வேண்டும். உடனே அடுத்த கேள்விக்குப் போயிருக்க வேண்டும். பாழாய்ப்போன பழக்கம், பேசாமல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். மௌனத்தை அவர் நிரப்பினார்.

"பாடையில படுக்க வச்சு எடுத்தாகன்னா, ஷாட்டு முடிஞ்சதும் அப்படியே விட மாட்டாக. எந்திரிச்சு உக்காந்து கேமராவப் பாத்துச் சிரிக்கச் சொல்லுவாக. அதையும் எடுப்பாக. படத்துல வராது. ஆனா அத எடுக்காம விட்டா பலிச்சுரும்னு பயம். நான் ஒரு தடவகூட விட்டதில்ல."

சினிமாவில் இந்த வழக்கம் தெரியாத ஆள் கிடையாது, எனக்கும் தெரியும். சட்டென்று பேச்சை அவருடைய முதல் சம்பளத்துக்குத் திருப்பினேன். கதவுப் பக்கம் பார்க்கவே எனக்குத் தைரியமில்லை.

அரைமணி நேரம் கழித்து முடித்தோம். மைக்கைக் கழற்றக் குனிந்தேன். நாக்கு நுனியில் தீபாவளி தயாராக இருந்தது. அவர் கேட்கவில்லை.

"தம்பி, ஆப் பண்ணிராத" என்று கேமராமேனிடம் சொன்னார். காலரை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கேமராவை நேராகப் பார்த்துச் சிரித்தார். சத்தமில்லாமல், பல் தெரிய, கண்ணும் சேர்ந்து சிரிக்க, இயக்குநர் கட் சொல்லும்வரை வைத்திருக்கிற மாதிரி வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு, ம், போதும் என்றார்.

நடிகன் பெண்டாட்டிக்கு அது என்ன ஷாட் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த அம்மாவின் முகத்தை நான் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

"காப்பி கொண்டா. பிள்ள பஸ்சப் பிடிக்க வேணாமா" என்றார் சித்தப்பா.

காப்பி வந்தது. அதில் சீனி இல்லை. மூன்று பேரும் அப்படியே குடித்து முடித்தோம். வாசல்வரை வந்த அந்த அம்மா, அவருக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று என்னிடம் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? தெரியலை சித்தி என்றேன்.

சென்னைக்குப் போனதும் ஆசிரியரிடம் இரண்டு விஷயம் கேட்டேன். அந்தச் சிரிப்பை எடுத்துவிட வேண்டும், அது வெளியே போகக் கூடாதது. பேட்டியை இப்போதே, சித்தப்பா பார்க்கும்படி, போட வேண்டும். இரண்டாவதற்கு அவர், "இப்பப் போட்டா யாரு பாப்பாங்க?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் சொன்னது உண்மை என்பதுதான் இன்னும் எரிச்சல். முதலாவதற்குத் தலையை ஆட்டினார். நான் அதை நம்பினேன்.

ஏலக்காய் எடுப்பு முடிகிற சமயத்தில் சித்தப்பா இறந்துபோனார். இரங்கல் வாங்கி வரச் சேனல் என்னையே அனுப்பியது. அனுப்பாவிட்டாலும் போயிருப்பேன். கூடத்தில் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். பக்கத்து ஊரான ராசிங்காபுரத்துச் சொந்தங்கள் வந்திருந்தன. அவர் ஜீப் ஓட்டிய காலத்தில் ஏறிப் போன பெண்கள் சிலர், இப்போது கிழவிகள், மலையிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கி மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். கையில் மைக்கை வைத்துக்கொண்டு யாரிடம் போய் என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றேன்.

அப்போது ஒருவர் செல்லில் எங்கள் சேனலைச் சத்தமாக வைத்தார். சித்தப்பாவின் குரல் கூடத்தில் கேட்டது. கொண்டை ஊசி வளைவு, பெண்கள் திட்டியது, எல்லாம் வந்தது. அழுகை அப்படியே நின்றுபோனது. "இங்க கொண்டா" என்று சித்தி கை நீட்டினார். செல்லை வாங்கி ஐஸ் பெட்டியின் மேலேயே வைத்துக்கொண்டு பார்த்தார்.

கடைசியில் அது வந்தது. எடுத்துவிடுவதாகத் தலையாட்டிய பாவி அதைத்தான் முடிவாக வைத்திருந்தான். புல்லாங்குழலைப் போட்டு, வேகத்தைக் குறைத்திருந்தான். சித்தப்பா கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். ஓடிப்போய், அணைச்சிருங்க சித்தி என்று செல்லைப் பிடித்தேன்.

அவர் விடவில்லை.

"இருக்கட்டும் ஆத்தா" என்றார். "எந்திரிச்சுட்டாருல்ல."