விரலுக்கு மசிகிற பதம்

அக்காவின் கணவர் கம்பி கட்டுகிறவர். காங்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் நிற்குமே ஓர் இரும்புக்கூடு, அதை வளைத்து, கட்டுக்கம்பியால் முறுக்கி நிறுத்துகிற வேலை. பேருந்தில் போகும்போது ஏதாவது மாடியைக் காட்டி, "உள்ள இருக்கிறதெல்லாம் நம்ம கம்பிதான் மாப்ள. எலும்பை யாரு பாக்குறா?" என்பார். சாரத்திலிருந்து விழுந்து கணுக்கால் முறிந்ததும் மாமா வீட்டோடு ஆனார். அக்கா தையல் ஆலைக்குப் போனாள். எனக்கு வேலை கிடைக்காத காலம், அவர்களோடுதான் இருந்தேன். ஆக, பகல் முழுக்க இரண்டு ஆண்களும், இப்போதுதான் பல் எட்டிப் பார்க்கிற அக்கா மகள் குட்டியும்.

குட்டிக்கு எடை ஏறவில்லை. கரண்டியைக் கண்டாலே தலையைத் திருப்பினாள். எடை பார்க்கும் நர்ஸம்மா சொன்னார்: "அவளே கையில எடுத்துத் தின்னுற மாதிரி குடுங்க. கேரட், சக்கரவள்ளி, ஆப்பிள், எதுன்னாலும் விரல் நீளத்துக்கு வெட்டி ஆவியில வேகவைங்க. உப்பு, சக்கரை வேண்டாம். ரெண்டு விரலால அழுத்தினா மசியணும், அதுதான் பதம். அடுத்த தடவையும் ஏறலைன்னா ஆஸ்பத்திரியில சேக்க வேண்டியதுதான்."

மேஸ்திரி சொன்ன வேலை மாதிரி மாமா அதை எடுத்துக்கொண்டார். அடுப்பருகே நாற்காலி போட்டு, கட்டுப்போட்ட காலை முக்காலிமேல் நீட்டி உட்கார்ந்துவிடுவார். கேரட் துண்டுகள் அளந்து அறுத்த கம்பிகளாக ஒரே நீளத்தில் விழும். வெந்ததும் ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்ப்பார். கூழாகிவிடும். "பதம் வந்தாச்சு!"

குட்டியும் ஆசையாகத்தான் எடுப்பாள். ஈறால் கடிப்பாள், அடுத்த நொடி ஓங்கரிப்பாள். முகம் சிவந்து கண்ணில் நீர் முட்டும். மாமா பதறிப்போய்க் குனியவைத்து முதுகைத் தட்ட, துண்டு முழுசாக வந்து விழும். போகப்போக, தட்டோடு அவர் கை வருவதைப் பார்த்தாலே உதடுகளை உள்ளே மடித்துக்கொண்டாள்.

"வாயத் தொறந்தா முத்தா கொட்டிடும்? தொறடா என் கண்ணு..." ரயில் விட்டார், காக்கா மாதிரிக் கரைந்தார். கடைசியில் என்னிடம் திரும்பினார். "நீ கவிதையெல்லாம் படிக்கிறியே, ஒண்ணு சொல்லேன். சிரிச்சாலாவது வாயத் தொறப்பா."

நான் படிக்கிற கவிதைகளுக்கு இதுவரை யாரும் சிரித்ததில்லை.

விடுமுறை நாளில் அக்கா தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தாள். "என்னங்க இது, அரைவேக்காடா இருக்கு?"

"எங்க? மசியுது பாரு." அதே துண்டை வாங்கி நசுக்கினார். கூழ்.

அக்கா இன்னொன்றை எடுத்து, நகம் வெளுக்கும்வரை அழுத்தினாள். அசையவில்லை. என்னிடம் நீட்டினாள். எனக்கும் மசியவில்லை.

"உங்க கைக்கு மாங்கொட்டையே மசியும்ங்க!" என்று அக்கா சிரித்தாள். பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

கட்டுக்கம்பியை முறுக்கி முறுக்கிக் குதிகாலாகக் காய்த்துப்போன விரல்கள். ஒவ்வொரு துண்டாக எடுத்து அழுத்திக்கொண்டே இருந்தார். "எனக்கு எல்லாமே மெத்துன்னுதானே இருக்கு."

அன்றிலிருந்து பதம் பார்ப்பது என் வேலை. அவர் வெட்டுவார், வேகவைப்பார், எனக்கு நீட்டுவார். "சரியா அழுத்திப் பாரு மாப்ள. நிச்சயமா?" சக்கரவள்ளி இப்போது வெண்ணெயாக வெந்தது. ஆனால் அதைக் குட்டிக்கு யார் சொல்வது? அவர் கை வந்தது, உதடு மடிந்தது.

எடை பார்க்கும் நாளும் வந்துவிட்டது. கிளம்புவதற்கு முன் தட்டை என்னிடம் கொடுத்தார். "நீ வச்சிட்டுப் பக்கத்துலயே உக்காரு. நான் இருக்கிறது தெரிய வேணாம்." நொண்டிக்கொண்டே உள்ளறைக்குப் போய்க் கதவுக்குப் பின்னால் நின்றார்.

குட்டி என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். பிறகு ஒரு துண்டை எடுத்து, பாதியை உள்ளங்கையில் பிசைந்து, மீதியை வாய்க்குள் தள்ளினாள். மென்றாள். விழுங்கினாள். அடுத்ததற்குக் கை நீண்டது.

"தின்னுறாளா?" உள்ளேயிருந்து கிசுகிசுப்பு.

நீண்ட கை அப்படியே நின்றது. உதடு மடிந்தது.

நான் தட்டைக் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினேன். வெகுநேரம் கழித்துத்தான் அவள் மறுபடி கைநீட்டினாள். கதவுக்குப் பின்னாலிருந்து மூச்சுவிடுகிற சத்தம்கூட இல்லை.