ஒரே ஒரு ரத்த எண்ணிக்கை

என் அத்தை, அப்பாவின் அக்கா, குடிநீர் நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக பம்ப் ஆபரேட்டர். மணிக்கொரு தடவை நீரழுத்தத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவாள். அழுத்தமானியின் முள் இறங்கினால் உடனே மோட்டாரை நிறுத்திவிட மாட்டாள். எந்த வால்வு திறந்திருக்கிறது, யார் திறந்தது என்று முதலில் விசாரிப்பாள்.

அவளுக்குக் கழுத்தில் கட்டி வந்தது. லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். மருந்து தொடங்குமுன் ரத்த அணுக்களை எண்ணினார்கள். மூன்றாம் நாள் மருத்துவர் அப்பாவை மட்டும் கதவருகே கூப்பிட்டார். அத்தை இரண்டடி தள்ளி பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"வெள்ளை அணுவுல லிம்போசைட் ரொம்பக் குறைச்சல். இப்படி இருக்கவங்க பெரும்பாலும் ரொம்ப நாள் தாங்குறதில்ல. முழு மருந்து கொடுத்து எதுக்கு உடம்பைப் படுத்தணும்? லேசா ஏதாவது கொடுப்போம்."

அப்பா தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

"நீ ஏன்டா தலையாட்டுற? உன் ரத்தமா?" என்றாள் அத்தை. பிறகு மருத்துவரிடம், "சார், எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. பெரும்பாலும்னா எத்தனை பேரு?"

"அது நூறு பேர்ல இத்தனை பேர்னு பொதுவான கணக்கும்மா."

"அதுல நான் எந்தப் பக்கம்னு அந்தத் தாள்ல இருக்கா?"

அவர் தாளை மறுபடி புரட்டினார்.

"ஒரே ஒரு ரீடிங்கப் பார்த்து நான் மோட்டாரை நிறுத்துனா ஊரே குடத்தோட வந்து நிக்கும். நீங்க ரத்தம் எடுத்தப்போ, கட்டி வத்தட்டும்னு தெருமுனை கிளினிக்ல கொடுத்த மாத்திரைய முழுங்கிட்டிருந்தேன். அது தெரியுமா உங்களுக்கு?"

மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள். ஸ்டீராய்டு. லிம்போசைட்டைக் கீழே இறக்கக்கூடிய மருந்துதான் என்று அவரே மெதுவாகச் சொன்னார், அட்டையைப் பார்த்துக்கொண்டு.

அந்த எண்ணிக்கைக்கு அர்த்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அர்த்தம் இருப்பதால்தான் எண்ணுகிறார்கள். ஆனால் "இப்போ என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்க அரை நிமிடம்கூட ஆகாது. அதைக் கேட்காமல் ஒருத்தியின் ஆயுளை அவள் தம்பியிடம் பேசி முடிப்பது அநியாயம்.

மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தி, மறுபடி எண்ணுவதற்குள் இரண்டு வாரம் போனது. கட்டி பெருத்தது. எண்ணிக்கை ஏறியிருந்தாலும் இயல்பான அளவின் கீழ் எல்லையைக்கூடத் தொடவில்லை.

"இதை வச்சு உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாதும்மா."

"அப்போ முழு மருந்தையே போடுங்க. தாங்குறேனா இல்லையான்னு நான் பார்த்துக்கிறேன்."

சம்மதப் படிவம் வந்தது. அப்பா பேனாவை எடுத்தார். அத்தை அதைப் பிடுங்கித் தன் கையெழுத்தைத் தானே போட்டாள்.