மீசைக்குப் பின்னால் இருந்த ஆங்கிலம்

எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவில் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். ஓராண்டு முழுவதும், பாட நேரத்தில் ஒருமுறைகூடக் கரும்பலகைப் பக்கம் திரும்பாமல் நடத்தினேன் என்றால் மிகையாகத் தோன்றலாம். எழுத வேண்டியதை மணி அடிக்கும் முன்பே எழுதிவிடுவேன். பிறகு, சன்னல் வெளிச்சம் என் முகத்தில் விழும் இடமாகப் பார்த்து நின்றுகொள்வேன். பாடம் முடியும்வரை நகர்வதில்லை. மாலையில் கணுக்கால் வீங்கி, கண் கூசி, யாரிடமும் ஒரு சொல் பேசத் தெம்பில்லாமல் வீடு திரும்புவேன்.

முதல் பெஞ்சில் இருந்த ஒரு பெண்ணுக்காகத்தான் இவ்வளவும். அவளுக்குக் காது ஏறக்குறையக் கேட்காது. எட்டாம் வகுப்புவரை அது ஒருவருக்கும் தெரியாமல் போனதில் வியப்பில்லை. அவள் வீட்டில் விசைத்தறி ஓடியது. அந்த இரைச்சலில் யாரும் குரலை நம்புவதில்லை. வீட்டில் அனைவருமே ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். பள்ளியிலோ எல்லாப் பாடத்தையும் கூட்டமாகச் சொல்வது வழக்கம். அந்தக் கூட்டத்தில் அவளும் வாயசைத்தாள். அவளுடைய அசைவு மற்றவர்களைவிடச் சற்றே பிந்தி வருவதை ஒருநாள் தற்செயலாகக் கவனித்தேன்.

அவளுடைய தகப்பனாரை வரவழைத்துப் பேசினேன். நல்ல மனிதர், கணக்கில் மட்டும் கறார்.

"பாஸாயிட்டான்னா பத்தாவது போகட்டும் டீச்சர், நான் மறிக்க மாட்டேன். ஃபெயிலாயிட்டான்னா எங்கூட தறியில நிக்கட்டும். ஒரே கிளாஸ்ல ரெண்டு வருசம் உக்கார வைக்க நமக்கு வசதி காணாது."

அவர் உதட்டையே பார்த்தபடி அவள் பக்கத்தில் நின்றாள்.

எங்கள் பள்ளியில், வாசிக்கக் கேட்டு எழுதும் டிக்டேஷனில் தேறாதவர் ஆங்கிலத்தில் தேறியவராக மாட்டார். முழு ஆண்டுத் தேர்வில் அதை அந்த வகுப்புக்குப் பாடம் நடத்தியவரே வாசிக்கவும் கூடாது. அந்த ஆண்டு வாசிக்க வேண்டியவர் இன்னொரு ஆங்கில ஆசிரியர். மேலுதட்டை முழுவதும் மூடி, கீழுதட்டையும் தொட்டுக்கொண்டிருந்தது அவருடைய மீசை. ஆளை மாற்றித் தரும்படி தலைமை ஆசிரியரிடம் இருமுறை கேட்டேன். ஒருத்திக்காக மாற்ற இயலாது என்றார். வேறு வழியின்றி, ஆசிரியர் அறையில் மீசைக்காரரிடமே போனேன்.

"சார், ஒரு உதவி. உதடு தெரியுத அளவுக்கு மீசையக் கொஞ்சம் கத்தரிச்சுக்கிட முடியுமா?"

சிரிக்கத் தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "வெளையாடுதீங்களா டீச்சர்? மீசையில்லாம பஜாருக்குள்ள போனா, யாரு செத்தான்னுல்லா கேப்பான்! எம் பொண்டாட்டியே வாசல்ல நிறுத்திருவா."

பக்கத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த கணக்கு ஆசிரியர் தலை நிமிராமல் சொன்னார்: "வே, ஒமக்குப் போறது முடி. வளந்துரும். அந்தப் புள்ளைக்குப் போறது படிப்பு."

"நீரு பேசுவீரு. ஒமக்குத்தான் முளைக்கவே இல்லையே!"

அன்று அதற்குமேல் வாதாட எனக்கு வலுவில்லை.

தேர்வன்று அவர் மேலுதட்டின்மேல் மெல்லிய கோடாய் ஒரு மீசையோடு வந்தார். அடுத்த அறையில் எனக்கு மேற்பார்வை. நடுவே இடுப்பளவுத் தட்டி மட்டுமே. அவர் முதல் வாக்கியத்தை வாசித்தார். எல்லாப் பேனாக்களும் ஓடின. அவளுடையது மட்டும் அசையவில்லை. ஓராண்டாக அவள் பழகியிருந்தது என் வாயில் வரும் ஆங்கிலத்தை மட்டுமே. இந்த உதடுகளில் அது அவளுக்குப் புதிய மொழி.

அவரும் அதைக் கண்டுகொண்டார். மேசையை விட்டுச் சன்னலோரம் வந்து நின்றார். இரண்டாம் வாக்கியத்தை வாசித்தார், திரும்ப வாசித்தார், இன்னொரு முறையும் வாசித்தார்.

"சார், நாங்க எழுதிட்டோம் சார்," என்றான் கடைசி பெஞ்சில் ஒருவன்.

"எழுதிட்டேன்னா சும்மா இரில. நான் மீசையக் குடுத்துட்டு நிக்கேன், ஒனக்கு அவசரமோ?"

வகுப்பு சிரித்தது. அவள் சிரிப்பைக் கவனிக்கவில்லை. அவர் வாயைத்தான் கவனித்தாள். மூன்றாம் வாக்கியத்தில் பேனா தயங்கித் தயங்கி நகர்ந்தது. முதல் இரண்டு வாக்கியங்களுக்குரிய இடம் கடைசிவரை வெறுமையாகவே கிடந்தது. மற்றவற்றில் பிழைகள் மலிந்திருந்தன. ஆயினும் தேறுவதற்குப் போதுமானதை எழுதியிருந்தாள்.

தகப்பனார் சொன்ன சொல்லைக் காத்தார். ஜூன் மாதம் அவள் பத்தாம் வகுப்பில் போய் உட்கார்ந்தாள். அந்த வகுப்பின் ஆங்கிலத்துக்குப் புதிதாக ஒருவர் ராஜபாளையம் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்தார். மீசையோடு அடர்ந்த தாடியும் வைத்திருந்தார். பேச்சு விரைவு, பாதிச் சொற்களைக் கரும்பலகையிடம் சொல்லும் பழக்கம். அவர் தேநீர் குடித்து முடிக்கட்டும் என்று ஆசிரியர் அறையில் சற்று நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். பிறகு, நாற்காலிக் கையை ஊன்றி எழுந்து அவரிடம் போனேன்.