பெயர் செல்வம், வயது ஐந்து

போன வாரம் வாசல்கதவுக்கு மரம் பார்க்கக் கள்ளக்குறிச்சியில் ஒரு மரவாடிக்குப் போயிருந்தேன். தேக்கு பார்க்கப் போனவன், மூலையில் பச்சைப் புளியமரம் ஒன்று வாளில் அறுபடுவதைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டேன். சாலையை அகலப்படுத்த வெட்டிய மரமாம். பச்சைப் புளி அறுபடும்போது ஒரு வாசனை வரும், லேசான புளிப்பும் ஈரச்சாக்கும் கலந்த மாதிரி. "இன்னாங்க, மரத்த மோந்துகினு நிக்கறீங்க?" என்றாள் மனைவி. வயதானால் இப்படி எதையாவது மோந்துகொண்டு நிற்பது சகஜம் என்று சமாளித்தேன். அவள் நம்பவில்லை. நீங்கள் நம்புவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

எண்பத்தேழில் நடந்த இடஒதுக்கீட்டுப் போராட்டத்தின்போது எங்கள் பக்கம் முழுக்க அந்த வாசனைதான். சாலையோரப் புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். சங்கராபுரம் ரோடு, எலவனாசூர்கோட்டை ரோடு, மூங்கில்துறைப்பட்டு ரோடு, எதிலும் பஸ் கிடையாது. கரும்பு டிராக்டர்கள் நின்ற இடத்திலேயே நின்று, கரும்பு காய்ந்துகொண்டிருந்தது. போலீஸ் ஒரு பக்கம், கூட்டம் ஒரு பக்கம். எந்த ஊருக்குள் நுழைந்தாலும் நீ யார், எந்தத் தெரு என்று கேட்காமல் தண்ணீர்கூடத் தரமாட்டார்கள்.

நான் அப்போது ஏழுமலை அண்ணனின் சவுண்டு சர்வீஸ் கடையில் அறிவிப்பாளன். கல்யாணம், காதுகுத்து, புதுப்படம், ஆட்டுச்சந்தை எதுவானாலும் என் குரல்தான். வானொலி நிலையத்துக் குரல் தேர்வுக்கும் ஒருமுறை போனேன். கேட்டுவிட்டு அங்கிருந்த அம்மையார், "தம்பி, உங்க குரல் தூரத்திலேருந்து கேட்டா நல்லா இருக்கும்" என்றார். அதைப் பாராட்டு என்று நினைத்து ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மூன்று மாதம் கழித்துத்தான் அர்த்தம் விளங்கியது.

போராட்டம் தொடங்கியதும் மைக்குக்குத் தடை போட்டார்கள். கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் அஞ்சலை அக்கா வந்தார். சங்கராபுரம் பக்கத்துக் கூலிக்காரப் பெண். இடுப்பில் கைக்குழந்தை, கையில் துணிமூட்டை. அவர் வந்த பஸ்ஸை மரம் மறித்துவிட்டது. எல்லோரும் இறங்கி நடந்திருக்கிறார்கள். பெரிய பையன் செல்வம், ஐந்து வயது, அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான். வழியில் கிடந்த ஒரு மரத்தை ஏறிக் கடக்கும்போது மூட்டையை யாரிடமோ கொடுத்து, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கித் திரும்பிப் பார்த்தால், முந்தானை இருக்கிறது, பிடித்திருந்த கை இல்லை. முன்னும் பின்னும் நூற்றுக்கணக்கான ஜனங்கள். கிளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்திருக்கிறார். பையன் இல்லை.

போலீஸ் ஸ்டேஷனில் கெஞ்சி, காணவில்லை அறிவிப்புக்கு மட்டும் அனுமதி வாங்கினோம். எழுதிக் காட்டியதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினால் மைக்கோடு உள்ளே வைப்பேன் என்றார் இன்ஸ்பெக்டர். கார் போகாது. சைக்கிள் ஹேண்டில்பாரில் ஹாரன் ஸ்பீக்கரைக் கட்டி, கேரியரில் கார் பேட்டரியை வைத்துக் கிளம்பினோம். மரம் வந்த இடத்திலெல்லாம் நானும் ஏழுமலை அண்ணனும் சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் இறக்குவோம். மூன்றாவது மரத்தில் பேட்டரி சாய்ந்து, ஆசிட் என் புது பேண்ட்டின் பின்புறத்தில் நல்ல இடமாகப் பார்த்துப் பொத்தல் போட்டுவிட்டது. "அன்பார்ந்த பொதுமக்களே" என்று நான் தொடங்கியதும் பொதுமக்கள் எனக்குப் பின்னால் நின்று சிரித்தார்கள். அஞ்சலை அக்கா சிரிக்கவில்லை. கூடவே நடந்து வந்தார். ஒவ்வொரு ஊரிலும் நான் அறிவித்து முடித்ததும் மைக்கை வாங்கி, "டேய் செல்வம், அம்மா வந்துகினே இருக்கன்டா" என்பார்.

ஒரு மரத்தடியில் பத்துப் பதினைந்து பேர் அரிவாளோடு வந்து சைக்கிளை மறித்தார்கள். எந்தக் கட்சிக்குப் பேசுகிறாய் என்றார்கள். தூரத்தில் கேட்டால் நன்றாக இருக்கும் என் குரல், கிட்டத்தில் வெறும் காற்றாக வந்தது. ஏழுமலை அண்ணன் காகிதத்தை நீட்டினார். அவர்களில் ஒருவர் வாசித்துவிட்டு அஞ்சலை அக்காவைப் பார்த்தார். அரிவாளை இடுப்பில் சொருகிக்கொண்டு சைக்கிளின் பின்சக்கரத்தைப் பிடித்துத் தூக்கினார். இன்னும் மூன்று பேர் வந்து பிடித்தார்கள். அன்றைக்கு அந்த ஒரு மரத்தை மட்டும்தான் சிரமமில்லாமல் கடந்தோம்.

போராட்டம் அடங்கி பஸ் ஓடத் தொடங்கியது. பையன் கிடைக்கவில்லை. ஆனால் அவனைப் பற்றிய செய்தி மட்டும் எல்லா டீக்கடையிலும் கிடைத்தது. ஆற்றில் புதுப்பாலம் கட்டுகிறார்கள், தூண் நிற்கப் பிள்ளையைக் காவு கொடுத்துவிட்டார்கள் என்றது ஒரு கடை. பெங்களூரில் பிச்சையெடுக்க வைத்திருக்கிறார்கள் என்றது இன்னொன்று. வெற்றிலையில் மை போட்டுப் பார்த்த ஒருவர், மேற்கே, மலையில், தண்ணீர் சத்தம் கேட்கிற இடத்தில் என்றார். அவ்வளவுதான், கல்வராயன் மலையிலிருந்து இறங்கியவர்கள் மீதெல்லாம் கண் விழுந்தது. சந்தைக்குக் கடுக்காய் கொண்டுவரும் மலைக்காரர் ஒருவரின் மூட்டையைப் பிடுங்கி ரோட்டில் கொட்டினார்கள். கடுக்காய் உருண்டு சாக்கடை வரை ஓடியது. மூட்டைக்குள் பிள்ளை இல்லை என்பதில் கூட்டத்துக்குக் கொஞ்சம் வருத்தம்கூட இருந்த மாதிரி எனக்குத் தோன்றியது. அவர் யாரையும் திட்டவில்லை. பொறுக்க முடிந்ததைப் பொறுக்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவரைச் சந்தையில் நான் பார்க்கவில்லை.

நான் மட்டும் யோக்கியனா? எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் "மைக்கு வந்துட்டாம்பா, இவனைக் கேளு" என்று ஓசியில் டீ கொடுத்தார்கள். தெரியாது என்று சொன்னால் டீ ஒன்றோடு நின்றுவிடும். அதனால் தெரியாது என்பதையே சற்று யோசித்து, பெருமூச்சு விட்டுச் சொல்லப் பழகிக்கொண்டேன்.

பொங்கல் கழிந்து ஒரு நாள், பையன் கிடைத்துவிட்டான் என்று ஊரே ஸ்டேஷனுக்கு ஓடியது. சேலம் பஸ் ஸ்டாண்டில் தனியாக அழுதுகொண்டு நின்ற பையனை எங்கள் ஊர் இளைஞர்கள் சிலர் கூட்டிவந்திருந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான். இரண்டு நாளாக அவனுக்குப் பிஸ்கெட், சட்டை, பொம்மை எல்லாம் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். காம்பவுண்டுச் சுவர் மேலெல்லாம் ஆட்கள். பையனை ஸ்டூலில் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். மொட்டை போட்டு முடி வளர்ந்துகொண்டிருந்த தலை. "உன் பேர் என்னப்பா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

பையன் நிமிர்ந்து நின்று சொன்னான்: "பெயர் செல்வம். வயது ஐந்து. மாநிறம். நீல நிற அரைக்கால் சட்டை. வலது முழங்காலில் தழும்பு."

கூட்டம் ஆர்ப்பரித்தது. அது என் அறிவிப்பு. 'மாநிறம்' என்ற இடத்தில் நான் எச்சில் விழுங்க நிறுத்துவேன், அந்த நிறுத்தம்கூட அப்படியே இருந்தது. எந்தப் பிள்ளை தன்னை மாநிறம் என்று சொல்லும்? அடையாளத்தை ஊர் ஊராகக் கத்தியதில், அது எல்லோருக்கும் மனப்பாடம் ஆகியிருந்தது. பிஸ்கெட்டோடு பையனுக்கும் சேர்த்து ஊட்டியிருக்கிறார்கள். முழங்காலில் தழும்பு வேறு இருந்தது. ஐந்து வயதில் முழங்காலில் தழும்பு இல்லாத பையன் எங்கள் பக்கத்தில் பிறக்கவேயில்லை.

"ஐயா, இது நான் மைக்குல சொல்றதுங்க" என்றேன்.

பின்னாலிருந்து ஒரு கை என் சட்டைக்காலரைப் பிடித்தது. "இன்னாடா மைக்கு, புள்ள கெடச்சா பொழப்பு போயிடும்னு பாக்கறியா?" சுற்றிலும் சிரிப்பு. பொத்தான் இரண்டு தெறித்தது. பேண்ட்டுக்கு அடுத்தபடி சட்டையும் ஊருக்காக உழைத்துவிட்டது. நான் பொத்தான்களைப் பொறுக்கக் குனிந்தேன்.

அஞ்சலை அக்காவுக்கு வழிவிட்டார்கள். அவர் பையனைப் பார்த்ததும் தூக்கவில்லை. எதிரே தரையில் உட்கார்ந்து, தழும்பைத் தொட்டுப் பார்த்தார். காதுமடலைப் பார்த்தார். நாலு மாதத்தில் முகம் மாறாதா என்று யாரோ எடுத்துக் கொடுத்தார். "இழுத்துக் கட்டிக்க, அழுதுடு" என்றது இன்னொரு குரல்.

"உங்கம்மா உன்ன இன்னான்னு கூப்புடும்?" என்று அக்கா கேட்டார்.

பையன் தன்னைக் கூட்டிவந்தவர்களைப் பார்த்தான். அவர்கள் வாயசைத்தார்கள். அவன் அவர்களை விட்டு அக்கா பக்கம் திரும்பினான். பிறகு "சின்னு" என்றான். சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

அக்கா அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். கூட்டம் மறுபடியும் ஆர்ப்பரித்தது. அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தபடியே, சத்தம் அடங்கும்வரை நின்றார். அந்த இடைவெளியில் அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. எடுத்துக்கொண்டு போயிருந்தால் யாரும் தடுத்திருக்கமாட்டார்கள். ஊரே மேளம் வைத்து வீடுவரை கொண்டுபோய் விட்டிருக்கும்.

"இவன் எம்புள்ள இல்லீங்க" என்றார் இன்ஸ்பெக்டரிடம். "இவன நான் வூட்டுக்குக் கூட்டிகினு போயிட்டன்னா, எம்புள்ளைய அப்பறம் யாருங்க தேடுவாங்க?"

பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, இவங்கம்மா எங்க தேடிகினு இருக்காளோ. மைக்குல சொல்லு" என்றார்.

சொன்னேன். ஸ்டேஷனிலிருந்து சேலத்துக்கும் தகவல் போயிற்று. ஒரு வாரத்தில் ஆத்தூர் பக்கத்திலிருந்து ஒரு புருஷன் பெண்சாதி வந்து சின்னுவைக் கூட்டிப்போனார்கள். அந்தப் பெண் அஞ்சலை அக்காவின் காலில் விழுந்ததை நானே பார்த்தேன். ஊர் அதைப் பார்த்ததா என்று கேட்காதீர்கள். மறுநாளே டீக்கடையில் புது முடிவு தயார். பெற்ற பிள்ளையை விற்றவளுக்குத்தானே வந்தது வேறு பிள்ளை என்று அவ்வளவு உறுதியாகத் தெரியும்? பாலத்தை விட்டார்கள், மலையை விட்டார்கள், அக்காவைப் பிடித்துக்கொண்டார்கள். நடவுக்குக் கூப்பிட்டவர்கள் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். இதைச் சொன்னவர்களில் ஒருவர், மரத்தடியில் சைக்கிளைத் தூக்கிக் கொடுத்தவர்.

அக்கா மட்டும் வருஷா வருஷம் கடைக்கு வந்தார். ஏழுமலை அண்ணன் பணம் வாங்கமாட்டார். சந்தையன்று படத்து விளம்பரத்துக்கு முன்னால் ஒருமுறை சொல்லுவோம். வரும்போதெல்லாம் அக்கா திருத்துவார். "வயசு ஆறுன்னு சொல்லு தம்பி." அடுத்த வருஷம், "அந்த டவுசரு இப்ப பத்தாது, எடுத்துடு." பிறகு, முன்பல் ஒன்று விழுந்தவன் என்ற வரியை எடுக்கச் சொன்னார், அது முளைத்திருக்கும். உயரத்தை எடுக்கச் சொன்னார். ஒரு வருஷம் கொஞ்சம் யோசித்து, "தழும்பும் மறஞ்சிருக்கும்ல?" என்றார்.

அந்தச் சாலைப் புளியமரங்கள் இன்று ஒன்றுகூட இல்லை. காவு வாங்கியதாகச் சொன்ன பாலத்தின் மேல், அப்படிச் சொன்னவர்களின் பேரன்கள் பைக்கில் பறக்கிறார்கள். செல்வம் என்றால் யார் என்பார்கள். ஹாரன்களை ஏழுமலை அண்ணன் எடைக்குப் போட்டார். பிறகு அவரும் போனார், அக்காவும் போனார். பிள்ளை காணவில்லை என்றால் இப்போது செல்போனில் படம் வருகிறது. கிடைத்தபிறகும் வருஷக்கணக்கில் வந்துகொண்டேயிருக்கிறது.

கடைசியாக அக்கா வந்தபோது அறிவிப்பில் பெயரும் வயதும்தான் மிச்சம். "பேரு மட்டும் சொல்லு, போதும்" என்றார். வெறும் பெயரை எப்படி அக்கா சொல்வது என்றேன். சொல்லு என்றார். சந்தை நடுவில் ஹாரனைத் திருப்பி வைத்து, "செல்வம்" என்றேன். காய்கறிக் கடையில் ஒருவர், சைக்கிள் தள்ளிக்கொண்டு போன ஒருவர், பள்ளிக்கூடப் பையன்கள் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா ஒவ்வொருவர் கிட்டேயும் போய், முகத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு, அடுத்தவரிடம் போனார்.