ஊசிக்குப் பயப்படாத குழந்தை

சென்ற ஆடி மாதத்தில் என்னால் அழ முடியவில்லை.

சிரிக்கவும் முடியவில்லை. கோபம் வரவில்லை. பசி வரவில்லை; தட்டில் வைத்ததைத் தின்றேன். தூங்கினேன், எழுந்தேன், எங்கள் புறநகரான மனுரேவாவில் இரயில் ஏறினேன், மருத்துவமனை வார்டுக்குப் போனேன். நெஞ்சுக்குள் மரத்துப்போன ஒரு துண்டு இருந்தது. அதைச் சுமந்துகொண்டு நடந்தேன்.

முருகன் அடியார்களே, நம் மாதக் கிருத்திகைக் கூட்டத்தில் உங்கள் முன் நான் பலமுறை பேசியவன். மேடை எனக்குப் புதிதன்று. பள்ளிப் பருவத்திலேயே மாவட்டப் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கினேன். பட்டிமன்றத்தில் நான் எந்த அணியில் அமர்ந்தாலும் அந்த அணி வெல்லும் என்று பெயரெடுத்தேன். இதைப் பெருமையோடுதான் சொல்கிறேன். அது அவன் கொடுத்த நாக்கு. ஆனால் இன்று நான் எழுதுவது, அந்த நாக்கு எதற்கும் உதவாமல் போன நாட்களைப் பற்றி. அந்த நாட்களில் முருகன் எனக்குச் செய்ததைப் பற்றி.

நான் ஆல்பனியிலுள்ள பல்கலைக்கழகத்தில் செவிலியர் பட்டம் படிக்கிறேன். மூன்றாண்டுப் படிப்பு. இறுதியாண்டில் நீண்ட பயிற்சிக்குக் குழந்தைகள் பிரிவை நானே கேட்டு வாங்கினேன். தன் வலியைத் தானே சொல்லத் தெரியாதவர்களுக்காகப் பேச வேண்டும் என்று நேர்காணலில் சொன்னேன். நன்றாகச் சொன்னேன். தேர்வாளர்கள் தலையசைத்தார்கள்.

பயிற்சியின் தொடக்கத்தில் எட்டு மாதக் குழந்தை ஒன்று என் கவனிப்பில் இருந்தது. பிறவியிலேயே இதயத்தில் குறை. மூக்கு வழியாகச் செல்லும் மெல்லிய குழாயில் பால் இறக்குவோம். இறக்கி முடியும்வரை அது என் சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டிருக்கும். விடுமுறை முடிந்து திரும்பியபோது அந்தத் தொட்டில் காலியாக இருந்தது. புதிய விரிப்பு விரித்திருந்தார்கள். என்ன நடந்தது என்று சொன்னார்கள். கேட்டுக்கொண்டேன். அடுத்த அறைக்குப் போய் அடுத்த குழந்தைக்குச் சுரம் பார்த்தேன்.

அன்று மாலை நம்மவர் விழாவில் பட்டிமன்றம். வெளிநாட்டு வாழ்க்கை நமக்குக் கொடுத்தது அதிகமா, எடுத்தது அதிகமா என்பது தலைப்பு. கொடுத்ததே அதிகம் என்று பேசினேன். அரங்கம் எழுந்து கை தட்டியது. உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். நானும் இருந்தேன் என்று சொல்லலாமா, தெரியவில்லை.

அதிலிருந்து இப்படியே போயிற்று. அக்கா வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அவள் கேட்டாள்.

"ஏன்டா, மைக் இருந்தாத்தான் வாயைத் திறப்பியா? வீட்டுல ஒரு வார்த்தை பேசினா குறைஞ்சு போயிடுவியா?"

"பேசுறதுக்கு ஒண்ணுமில்லக்கா."

"உனக்கா? பேசுறதுக்கு ஒண்ணுமில்லையா?" அவள் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

வார்டில் என்னை மேற்பார்க்கும் செவிலியர் மெரே, இந்நாட்டுப் பூர்வகுடியான மாவோரிப் பெண்மணி. இருபதாண்டு அனுபவம் உள்ளவர். சுற்றி வளைத்துப் பேசமாட்டார். ஒரு பிற்பகல் என்னைத் தேநீர் அறையில் உட்காரவைத்தார். என் வேலையில் பிழையே இல்லை என்றார். பிறகு சொன்னார்: "ஆனால் நீ அறைக்குள் இருப்பதே இல்லை. குழந்தைக்கு உடம்பு மாறுவதை எண்கள் சொல்வதற்கு முன்னால் கண் சொல்ல வேண்டும். உன் கண் பார்க்கவில்லை. இப்படியே போனால் உன்னை என்னால் குழந்தைகள் பக்கத்தில் விட முடியாது. பயிற்சியை நிறுத்தச் சொல்லி எழுத வேண்டிவரும்."

எனக்குப் பதில் தயாராக இருந்தது. மூன்று காரணங்கள், வரிசையாக. சொல்லவில்லை. அவர் சொன்னது உண்மை என்று தெரிந்தது. உண்மை என்று தெரிந்தும் பயம் வரவில்லை. அதுதான் கொடுமை.

ஆடிக் கிருத்திகை வந்தது. ஊரில் வெயில் காயும் மாதம், தென்கோளத்து இந்த நாட்டில் நடுக்குளிர்காலம். கோயிலில் குளிராடைக்கு மேலே காவடி சுமந்தவர்களைப் பார்த்தேன். பால்குடம் தூக்கிய அம்மாக்களின் மூச்சு புகையாக எழுந்தது. எல்லோர் கண்களும் நிறைந்திருந்தன. நான் ஒரு தூணைப் போல நின்றேன்.

நான் பிரார்த்திக்கும்போதும் முன்னுரை வைப்பவன், முடிவுரை வைப்பவன். அன்று எதுவும் எழவில்லை. திரை விலகியது. தீபம் சுற்றியது. முருகன் கை வேலைப் பார்த்தபடி, "அழ வை" என்றேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. உருக்கத்தோடு சொன்னேன் என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். கடைக்காரரிடம் பொருள் கேட்பதுபோலத்தான் கேட்டேன்.

அப்போது வார்டில் ஒரு தமிழ்க் குழந்தை இருந்தாள். பெற்றோரின் அனுமதியோடு எழுதுகிறேன். பெயரை மட்டும் மாற்றி ஆரணி என்கிறேன். நான்கு வயது. கொதிக்கும் நூடுல்ஸ் கிண்ணம் தொடையில் கவிழ்ந்து, தோல் வெந்துவிட்டது. பெரிய காயமன்று, கட்டு மாற்றுவதற்காகச் சில நாட்கள் வைத்திருந்தார்கள். தாயின் குடும்பம் யாழ்ப்பாணம். வந்த அன்றே அந்தத் தாய் என்னைச் சுட்டிக்காட்டி மகளிடம் சொன்னார்:

"அழாதை பிள்ளை. அழுதியெண்டா அந்த அண்ணா வந்து ஊசி போட்டிடுவார். பார், நிக்கிறார்."

நம் வீடுகளில் யார்தான் இதைச் சொல்லவில்லை? அன்றிலிருந்து நான் ஆரணிக்கு அரக்கன். கதவருகே என் நிழல் விழுந்தாலே போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "நோ! கோ அவே!" என்று வார்டே அதிர அலறுவாள். வாயில் மருந்து விடும் ஊசியில்லாத குழலைக் கையில் பார்த்துவிட்டால் இன்னும் மோசம். ஆரணியின் அம்மாவிடம் முறையிட்டேன்.

"அக்கா, அப்படிப் பயமுறுத்தாதீங்க. நாளைக்கு நாங்க கிட்டவே போக முடியாது."

"தம்பி எத்தினை பிள்ளை வளர்த்தனீங்கள்?"

பட்டிமன்றத்தில் எனக்கு இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. நடந்ததை மெரேயிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "எங்கள் வீட்டில் போலீஸ்காரர் வருவார் என்பார்கள். நீ தேவலை."

கிருத்திகைக்கு மறுநாள் காலை நான் பணிக்குப் போனேன். இரவுப் பணியில் இருந்தவர்கள் பொறுப்பை ஒப்படைக்கும்போது, ஆரணி அமைதியாகிவிட்டாள் என்றார்கள். எல்லோருக்கும் நிம்மதி. அறைக்குள் போனேன். ஆரணியின் அம்மா முகம் மலர்ந்திருந்தது.

"இண்டைக்குச் சத்தமே இல்லைத் தம்பி. ஊசியெண்டாப் பயம்தானே. நல்ல பிள்ளையாப் படுத்திருக்கிறா."

சுரம் பார்த்தேன், சற்றே கூடியிருந்தது. நாடித் துடிப்பும் சற்றே கூடியிருந்தது. தீக்காயம் பட்ட குழந்தைக்கு இருக்கக்கூடியதுதான். எழுதிவிட்டு அடுத்த அறைக்குப் போயிருப்பேன். ஆனால் ஆரணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அலறவில்லை. போர்வையை இழுக்கவில்லை. அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். பல வாரங்களாகக் காலையில் பல் துலக்கும்போது கண்ணாடியில் நான் பார்த்துவந்த பார்வை அது.

மருந்துக் குழலை எடுத்து அவள் கண்முன்னே காட்டினேன். அவள் அதையும் பார்த்தாள். சுவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

அம்மா சொல்லுக்கு அடங்கிய குழந்தை ஊசியைக் கண்டால் உதட்டைக் கடித்துக்கொள்ளும். கண்ணை இறுக மூடிக்கொள்ளும். இவளுக்குப் பயமே இல்லை. பயப்படுவதற்கான தெம்பு அவளிடம் இல்லை.

நடைவழிக்கு ஓடினேன். மெரே வேறொரு குழந்தையின் கட்டிலருகே இருந்தார். காரணம், சான்று, முடிவு எதையும் நான் அடுக்கவில்லை. "ஆரணி என்னைப் பார்த்துப் பயப்படவில்லை" என்றேன். வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால், நல்லதுதானே என்றிருப்பார்கள். மெரே என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். கையில் இருந்ததை வைத்துவிட்டு உடனே வந்தார். சட்டையை விலக்கினார். வயிறெங்கும் வெயிலில் கன்றியதுபோலச் சிவந்திருந்தது. நகத்தை அழுத்தி விட்டார்; வெளுத்த இடத்துக்கு இரத்தம் மெதுவாகத்தான் திரும்பியது. சுவரிலிருந்த அவசர மணியை அழுத்தினார்.

அறை நிறைய ஆட்கள். சிறிய தீக்காயமாக இருந்தாலும் அதில் புகுந்த கிருமியின் நஞ்சு சில குழந்தைகளுக்கு இரத்தத்தில் பரவிவிடும் என்று பிறகு மருத்துவர் விளக்கினார். விரைவாகப் பரவும். இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் என்று தொடங்கினார்; தாயைப் பார்த்து வாக்கியத்தை முடிக்கவில்லை. நரம்பில் மருந்து ஏறியது. ஆரணியைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். போகும்போதும் அவள் அழவில்லை.

ஆரணியின் அம்மாவோடு இருக்கச் சொல்லி மெரே என்னை அனுப்பினார். காத்திருப்பு அறையில் அந்த அம்மா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தானே தம்பி அழாதை எண்டு சொன்னனான். அதுக்குப் பயந்து உள்ளுக்கையே அடக்கிக்கொண்டு கிடந்தவளோ?"

அந்தக் கேள்விக்குப் பேச்சாளனின் பதில்கள் என்னிடம் நிறைய இருந்தன. ஒவ்வொன்றும் அழகாக இருந்தது. ஒன்றையும் அந்த முகத்துக்கு முன்னால் சொல்ல முடியவில்லை.

"இல்லக்கா. அவ அடக்கல. அவளால முடியல. உங்க மேல தப்பில்ல."

"ஓம்" என்றார். நம்பினாரா தெரியாது. பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, என்னிடம் அல்லாமல், எதிர்ச்சுவரை நோக்கிச் சொன்னார்: "முருகா, அவளை அழ வையப்பா. ஒருக்கா அழ வை."

அடியார்களே, நான் கேட்ட அதே வரம். என் வாயில் அது உலர்ந்து கிடந்தது. ஒரு தாயின் வாயில் உயிரோடு இருந்தது. நானும் அவரோடு சேர்ந்து கேட்டேன். எனக்காகக் கேட்கவில்லை. பாதிக்கு மேல் சத்தமே வரவில்லை. ஆரணியின் தந்தை மனுரேவாக் கிடங்கிலிருந்து மஞ்சள் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து நின்றபோது நாங்கள் இருவரும் அப்படியே இருந்தோம்.

மருந்து கேட்டது. நஞ்சு இறங்கியது. சில நாட்களில் ஆரணி எங்கள் வார்டுக்கே திரும்பினாள். அன்று பிற்பகல் மருந்துக் குழலோடு கதவருகே போனேன். என் நிழல் விழுந்தது.

"நோ! கோ அவே!"

வார்டே அதிர்ந்தது. கண்ணீர் வழிய, மூக்கு ஒழுக, முகம் சிவக்க அழுதாள். அவள் அம்மா அழுதார், சிரித்தார், இரண்டையும் சேர்த்துச் செய்தார். "அழடி என்ர செல்லம், நல்லா அழு. அண்ணா ஊசி போடமாட்டார், நீ அழு." நடைவழியிலிருந்து மெரே எட்டிப் பார்த்து எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

அப்போதும் என் கண் நனையவில்லை. மாலை இரயிலில் இறங்கி, மனுரேவா நடைமேடையில் நடந்துகொண்டிருந்தேன். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அந்த எட்டு மாதக் குழந்தை நினைவில் வந்து என் பித்தானைப் பிடித்தது. இருக்கையில் உட்கார்ந்துவிட்டேன். எல்லார் முன்னிலையிலும், வாய்விட்டு, அந்தக் குழந்தைக்காக அழுதேன். பள்ளிச் சீருடையில் போன ஒரு பெண் நின்று, "யூ ஓகே, ப்ரோ?" என்றாள். "இல்லை" என்றேன். மாதக்கணக்கில் நான் சொன்ன முதல் உண்மையான பதில் அது.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. மெரே வற்புறுத்தி என்னைப் பல்கலைக்கழக ஆலோசகரிடம் அனுப்பினார், இன்றும் போகிறேன். அந்த ஆலோசகரையும் முருகன்தான் அனுப்பினான் என்று நம்புகிறேன். சில காலைகளில் அந்த மரத்த துண்டு இன்னும் இருக்கிறது. ஆனால் என் பயிற்சி நிறுத்தப்படவில்லை, நல்லபடியாக முடிந்தது. குழந்தைகள் வார்டிலேயே வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். இப்போது ஓர் அறைக்குள் நுழைந்தால் முதலில் அழாத பிள்ளையிடம் போகிறேன். மண்டியிட்டு, அதன் முகத்துக்கு நேரே என் முகத்தை வைத்து, எதுவும் பேசாமல் கொஞ்ச நேரம் பார்க்கிறேன்.

உங்களில் யாருக்கேனும் நெஞ்சு மரத்துப் போயிருக்கலாம். சந்நிதியில் நிற்கும்போது ஒன்றுமே தோன்றாமல், பக்கத்தில் நிற்பவரின் கண்ணீரைப் பார்த்து வெட்கப்பட்டிருக்கலாம். உருக்கம் வரட்டும், பிறகு கேட்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். வறண்ட வேண்டுதலாக இருந்தாலும் அதையே கொண்டுபோய் அவன் காலடியில் வையுங்கள். நான் வைத்தேன். அவன் அதை வாங்கிக்கொண்டான்.