என் தங்கை துப்பாக்கியை விட்டாள்

"உன் தங்கச்சி போன்ல கேம் ஆடிக்கினே சம்பாரிக்கிறாளாமே?" என்று இப்போது ஆளாளுக்கு என்னைக் கேட்கிறார்கள். கேட்கிற தொனியைப் பார்த்தால், அவள் ஏதோ புளியமரத்தடியில் சீட்டுக்கட்டோடு உட்கார்ந்திருப்பது போல இருக்கும். ஆமாம், ஆடுகிறாள், அதுக்கு இன்னா இப்போ என்று கேட்டுவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். எனக்குப் பொறுமை கம்மி. ஆனால் யாராவது உட்கார்ந்து நிஜமாகவே கேட்டால் சொல்லுவேன். எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

நான் ரேஷன் கடை விற்பனையாளர். மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் எங்கள் கடை இருக்கிற பள்ளத்தில் சிக்னல் எடுக்காது. சிக்னல் இல்லாவிட்டால் கைரேகை மிஷின் வெறும் டப்பா. அதனால் ரேஷன் போடுகிற நாட்களில் மிஷினைத் தூக்கிக்கொண்டு மேட்டுப் பாறைக்குப் போவேன். கார்டுக்காரர்கள் எல்லாரும் என் பின்னாலேயே ஏறி வருவார்கள். பாறையில் விரலை வைத்துவிட்டு, மறுபடி கடைக்கு இறங்கி அரிசி வாங்க வேண்டும். கீழே டவுனிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் இதைப் பார்த்துச் சிரித்தார். "அந்தக் கெழவனாருக்கு முட்டி தேஞ்சுபோச்சு சார், அவரத் தூக்கினு ஒருவாட்டி ஏறி வாங்க, அப்புறம் சிரிங்க" என்று வரிசையில் மூச்சு வாங்கி நின்ற ஒருவரைக் காட்டிச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

என் தங்கை அந்தப் பாறைக்கு எனக்குக் குடை பிடிக்கத்தான் முதலில் வந்தாள். அப்புறம் குடையை என்னிடமே கொடுத்துவிட்டு, போனும் கையுமாக ஒரு ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். எங்கள் மலையில் பையன்கள் எல்லாரும் ஆடுகிற துப்பாக்கி கேம்தான் அது. பாராசூட்டில் தீவில் குதிக்க வேண்டும், துப்பாக்கி தேட வேண்டும், கடைசி வரை சாகாமல் இருக்க வேண்டும். இவளை முதலில் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நாளில் இவள் இருக்கிற பக்கம்தான் வேண்டும் என்று அடித்துக்கொண்டார்கள்.

பாறையில் சிக்னல் உண்டு என்றுதான் பேர். அது ஓடிவராது, நொண்டி நொண்டித்தான் வரும். திரையில் ஒருத்தன் மரத்துக்குப் பக்கத்தில் நிற்பான், ஆனால் நிஜத்தில் அவன் எப்போதோ தாண்டிப் போயிருப்பான். ஒருநாள் அவள் ஆளே இல்லாத வெற்றிடத்தில் சுட்டதைப் பார்த்து, "கண்ணு தெரிலயாடி உனக்கு?" என்று கேட்டேன். கேட்டு முடிக்கும் முன் ஒருத்தன் ஓடிவந்து அந்தக் குண்டில் விழுந்தான்.

"போன்ல தெரியுறவன் பழைய ஆளு அக்கா. கொஞ்சம் முன்னாடி அங்க இருந்தவன். இப்ப எங்க இருப்பான்னு நாமதான் யோசிக்கணும்" என்றாள்.

அடிப்பாவி என்று வாய்விட்டே சொன்னேன். மற்ற பையன்களும் ஆளுக்கு முன்னால்தான் சுடுவார்கள், ஆனால் ஒரு குத்துமதிப்பில். இவள் ஒவ்வொருத்தனையும் கவனித்து வைத்திருப்பாள். இவன் பயந்தால் இடதுபக்கம் ஓடுவான், அவன் அடிபட்டால் பாறைக்குப் பின்னால் போவான் என்று யோசித்துச் சுடுவாள். "ஆளச் சுடாத, ஆளுக்கு முன்னாடி சுடு" என்றுதான் எங்கள் மலையில் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொடுத்தார்கள். கேம் என்றாலே அப்படித்தான் போல என்று நினைத்துவிட்டோம். வேகமான நெட்டை எங்களில் ஒருத்தரும் கண்ணால் பார்த்ததில்லை. அப்புறம் வேறெப்படி நினைப்பது?

ஆன்லைன் போட்டிகளில் அவள் பேர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய ஆரம்பித்தது. வாணியம்பாடியிலிருந்து ஒருத்தர் போன் செய்தார். தோல் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. அவர்கள் குடோனுக்கு மேல்மாடியில் கம்ப்யூட்டரும் போனும் வைத்து ஒரு அணி நடத்துகிறார். துப்பாக்கி கேம் அணியில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, வந்து ஆடிக் காட்டினால் சேர்த்துக்கொள்கிறோம், சம்பளமும் தங்க இடமும் உண்டு என்றார். பெண்பிள்ளைகள் தங்க அவருடைய அத்தை வீடு இருக்கிறது என்பதை என்னிடம் மூன்று விதமாகச் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

சிக்கல் எங்கள் அப்பா. சாமை விதைத்து எங்களைப் படிக்கவைத்த மனுஷன். தங்கைக்கு வேலூரில் நர்சிங் சீட் கிடைத்திருந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு நர்சிங் சீட் கிடைப்பது சும்மா இல்லை. அப்பா அதிகம் பேசவில்லை.

"காலேஜ் தொறக்கிறதுக்குள்ள உனக்குன்னு அங்க ஒரு இடம் கெடச்சா ஆடு. கெடைக்கலன்னா பொட்டியக் கட்டிக்கினு காலேஜுக்குப் போய்டணும். அப்பால இந்தப் பேச்சே எடுக்கக்கூடாது" என்றார். காலேஜ் திறக்க இரண்டு வாரம் இருந்தது.

ஷேர் ஜீப்பில் இறங்கி, பஸ் மாறி, வாணியம்பாடி போனோம். மாடியில் ஏசி போட்டிருந்தார்கள், தோல் வாசனை லேசாக ஏறி வந்தது. எல்லாம் பையன்கள். சாயிபு வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர், ஆம்பூர் சர்ச் தெருப் பையன் ஒருத்தன், இன்னும் சிலர். எல்லாரும் மரியாதையாகத்தான் இருந்தார்கள். அவளுக்கு ஒரு போனைக் கொடுத்து உட்காரவைத்தார்கள்.

அவள் சுட்ட ஒரு குண்டுகூடப் படவில்லை. முதல் ஆட்டத்தில் சீக்கிரமே செத்தாள், இரண்டாவதில் அதைவிடச் சீக்கிரம். எதிரே நிற்கிறவனை விட்டுவிட்டு அவனுக்குப் பக்கத்தில் இருந்த சுவரைச் சுட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு பையன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். "இன்னாடா இருமல்? மருந்து வேணுமா?" என்று திரும்பிக் கேட்டேன். என் தங்கை என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அவள் அழவில்லை. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் அந்த வாணியம்பாடிக்காரரிடம் கேட்டாள்: "இங்க தெரியுறவன் அங்கயேதான் இருக்கானா?"

அவருக்குப் புரியவில்லை. அவள் பாறையைப் பற்றிச் சொன்னாள், நொண்டுகிற சிக்னலைப் பற்றிச் சொன்னாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "யா அல்லா! அந்த நெட்டுலயா எங்க பசங்கள இத்தினி நாள் அடிச்சுக்கினு இருந்தே?" என்றார். இருமிய பையனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எனக்கு உள்ளே குளுகுளு என்று இருந்தது.

அவர் நியாயமான மனுஷன். அங்கேயே சொல்லிவிட்டார்: "பத்து நாள் இங்கயே தங்கி ஆடும்மா. கை தானா சரியாய்டும். பழசெல்லாம் மறந்துரு. சீட் உனக்குத்தான், நான் பேச்சு மாற மாட்டேன்."

எனக்கு உயிர் வந்தது. கிளம்பத் தயாராக எழுந்தேன். என் தங்கை எழுந்திருக்கவில்லை. அடுத்த மேஜையில் நாலு பேர் வேறு ஒரு கேம் ஆடிக்கொண்டிருந்தார்கள், அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைக் கோட்டை கேம் என்பாள். நானும் பார்த்திருக்கிறேன். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர், நடுவில் காடு. எதிர்க் கோட்டையை இடித்தால் ஜெயிப்பு. எதிராளி பக்கத்தில் வந்தால்தான் கண்ணில் படுவான், மற்ற நேரம் எல்லாம் இருட்டு. டேட்டா கம்மியாக இருக்கிற நாளில் அவள் அதைத்தான் ஆடுவாள்.

"அதுல ஒரு ஆள் கொறையுதே, நான் ஆடட்டுமா?" என்றாள்.

ஆடினாள். ஆட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில், "மேல போகாதீங்க, ரெண்டு பேர் காட்டுல நிக்கிறாங்க" என்றாள். திரையில் ஒன்றும் இல்லை. ஆம்பூர்ப் பையன் கேட்காமல் போனான், இரண்டு பேர் வெளியே வந்து அவனை முடித்தார்கள். அப்புறம் மறுபடி, "இப்ப கீழ வருவாங்க" என்றாள். வந்தார்கள். அந்த ஆட்டத்தில் இவர்கள் தோற்றார்கள். இருந்தாலும் நாலு பேரும் திரையை விட்டுவிட்டு அவளைத்தான் பார்த்தார்கள். வாணியம்பாடிக்காரர் மட்டும் தலையைச் சொறிந்தார்.

"நல்லாத்தான் ஆடறே. ஆனா நான் ஒளிச்சுப் பேசல. இந்த கேம் அணிக்கு ஸ்பான்சர் இல்ல, பாக்கிற ஜனமும் கம்மி. இந்தப் பசங்களே இத விட்டுடலாமான்னு பேசிக்கினு இருக்காங்க. உனக்கு இதுல இடம் உண்டுன்னு இன்னிக்கு என்னால வாக்கு குடுக்க முடியாது. பத்து நாள் சேர்ந்து ஆடிப் பாருங்க, அப்பால அவங்க நாலு பேரும் சொல்லட்டும். துப்பாக்கின்னா இப்பவே எழுதித் தர்றேன். ரெண்டும் ஒண்ணா முடியாது, ஒண்ண முடிவு பண்ணு."

பத்து நாள் கழித்து வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அப்பா பெட்டியைக் கட்டச் சொல்லுவார், அத்தோடு முடிந்தது. இது அவளுக்கும் தெரியும். இருந்தும் கோட்டை கேம் என்று சொல்லிவிட்டாள்.

படிக்கட்டில் வைத்துப் பிடிபிடி என்று பிடித்தேன். "கொழுப்பாடி உனக்கு? தட்டுல வச்சுக் குடுக்கிறாரு, தள்ளிவிடுறியே! ஊரு உலகமே அந்தத் துப்பாக்கியத்தான் ஆடுது!"

"துப்பாக்கி ஆடணும்னா நான் கத்துக்கிட்டத எல்லாம் மறக்கணும்க்கா. கண்ணுக்குத் தெரியுறத டக்குனு சுடணும், அவ்ளோதான். அது இங்க நூறு பேருக்கு என்னவிட நல்லா வரும். சம்பளம் வாங்கிக்கினு நூத்தியோராவது ஆளா இருப்பேன். இதுல எங்க போனாலும் பாதி இருட்டுதான். இதுக்கு நான் கத்துக்கிட்டது அத்தனையும் வேணும்."

என் வாய்க்கு ஊரில் பதில் சொன்னவர்கள் குறைவு. இவள் சொல்லிவிட்டாள். நான் கீழே வந்து டீ குடித்தேன். கோபம் போகவில்லை. ஆனால் இத்தனை தெளிவு இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று ஒரு பெருமையும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. அவளை அத்தை வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் மலை ஏறினேன்.

பத்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. போன் செய்தால், "இன்னிக்கும் தோத்தோம்க்கா" என்பாள், ஏதோ கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவள் மாதிரி. காலேஜ் திறப்பதற்கு இரண்டு நாள் முன்னால், அவளைக் கூட்டிவர அப்பாவும் நானும் கிளம்பினோம். அவளுடைய பெட்டியை அப்பாவே துடைத்துக் கையோடு எடுத்துவந்தார். அங்கிருந்து நேராக வேலூர் பஸ் ஏறிவிடலாம் என்பது அவர் கணக்கு.

நாங்கள் போன நேரம் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. சென்னை அணி ஒன்றோடு என்றார்கள். அப்பாவுக்கு நாற்காலி போட்டார்கள், அவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். திரையில் நடப்பது அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அதனால் அவர் திரையைப் பார்க்கவே இல்லை, ஆடுகிற ஐந்து பேரைத்தான் பார்த்தார். "அக்கா, இப்ப போலாமா?" என்றான் ஒருத்தன். "இரு" என்றாள் இவள். இருந்தான். "அக்கா, மேலயா கீழயா?" என்றான் ஆம்பூர்ப் பையன், அவளைவிட மூத்தவன்தான். "கீழ. எல்லாரும் கீழ. இப்பவே!" என்று கத்தினாள். ஐந்து பேரும் போனார்கள், கோட்டை விழுந்தது. நாற்காலிகள் சரிந்தன, ஒருத்தன் மேஜை மேல் ஏறிவிட்டான். வாணியம்பாடிக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார்.

அவர் அப்பாவிடம் வந்தார். "அய்யா, பசங்க நேத்தே சொல்லிட்டாங்க. இவங்க இல்லாம ஆட மாட்டாங்களாம். இடம் இவங்களுக்குத்தான். ஆனா நாலஞ்சு மாசம் சம்பளம் சுமாராத்தான் இருக்கும். அது உங்களுக்குத் தெரியணும்."

தங்கை எழுந்து அப்பா முன்னால் வந்து நின்றாள். நான் குறுக்கே பேச வாயைத் திறந்தேன், அப்பா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"ஒருத்தன்கூட உன்னக் கேக்காம ஒரு அடி எடுத்து வைக்கலியேம்மா" என்றார் அவளிடம். பெட்டியை அவள் கையில் கொடுத்தார். "துணிமணி எல்லாம் இதுல கீது. அத்த வூட்டுல வச்சுக்க." என்னிடம் திரும்பினார். "காலேஜுக்குப் போன் போட்டுச் சொல்லிடு. அந்த சீட்டுக்கு வேற ஒரு வூட்டுல எந்தப் பொண்ணு ஏங்கிக்கினு கீதோ. இன்னிக்கே சொல்லிடு."

மாடிப்படியில் உட்கார்ந்து நான்தான் போன் செய்தேன். காலேஜில் போனை எடுத்த ஒரு அம்மா, "ஏம்மா, உங்க தங்கச்சிக்கு உடம்பு எதுவும் சரியில்லையா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கா மேடம். வேலை கெடச்சிருச்சு" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.